ரோஜா நிறச் சைக்கிள்

"தப்பு யார் மேலன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம் மேடம். அது எனக்கே தெரியும். நீங்க அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்" என்றார் சைக்கிள் சங்கத் தலைவர்.

"வெறும் கையெழுத்துன்னா ரப்பர் ஸ்டாம்பே போதுமே சார். அதுக்கு எங்க மேடம் எதுக்கு?" என்றான் ஸ்டெப்னி.

தலைவர் அவன் பக்கம் திரும்பாமலே சிரித்தார். சம்பளக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த சிரிப்பு அது.

அந்த மேடத்தை ஊரில் எல்லாரும் சர்வேயர் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைப் பார்வையிடும் அதிகாரி. நியாயமாக நஷ்டஈடு கேட்டவர்களுக்கெல்லாம் 'கொடுக்கலாம்' என்று எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் குற்றத்துக்காகக் கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பியது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். கூடவே ஒட்டிக்கொண்டு வருபவன் ஸ்டெப்னி. எந்த வண்டியிலும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்துவிடுவதால் அந்தப் பெயர். எப்போதாவது முன்னால் மாட்ட வேண்டி வந்தால் காற்று இருக்காது என்பது சர்வேயரின் கருத்து.

சங்க அலுவலகத்தின் நான்கு சுவரிலும் படங்கள். எல்லாவற்றிலும் தலைவர், எல்லாவற்றிலும் கையில் ஒரு கோப்பை. அவர் கடைசியாகச் சைக்கிளில் ஏறியது எப்போது என்று சங்கத்தில் யாருக்கும் நினைவில்லை. ஊரில் பாதி வீடுகளில் நிற்கும் பீரோக்கள் அவர் தொழிற்சாலையில் செய்தவை. அவற்றில் ஒன்று, பளபளக்கும் ரோஜா நிறத்தில், இந்த அறையின் மூலையிலும் நின்றது.

மேஜை மேல் கிடந்தது விபத்தில் சிக்கிய சைக்கிள். அதுவும் ரோஜா நிறம்தான். குழாய்கள் கார்பன் நார். அவை வந்து சேரும் மூட்டுகள் ஸ்டீல். எந்தக் குழாயும் உடையவில்லை, வளையவில்லை. உறையிலிருந்து கத்தியை உருவியதுபோல முன்பக்க மூட்டிலிருந்து குழாய் முழுசாகக் கழன்று வந்திருந்தது.

"போன வாரம் மலைப்பாதையில பயிற்சி" என்றார் தலைவர். "எங்க சங்கத்துலயே நல்லா ஓட்டற பொண்ணு. இறக்கத்துல வந்துட்டிருக்கும்போது முன்பக்கம் தனியாப் போயிடுச்சு. தோள்பட்டை எலும்பும் ரெண்டு விலா எலும்பும் போச்சு. வளைவுல தடுப்புச் சுவர் இருந்ததால உயிர் தப்பினா. இதைச் செஞ்சவன் யாருன்னு நினைக்கறீங்க? அவ அக்கா புருஷன். விமானத் தொழிற்சாலையில எஞ்சினியரா இருந்தவனாம். அதை விட்டுட்டு வந்து கார்பனையும் ஸ்டீலையும் பசை வச்சு ஒட்டிக்கிட்டிருக்கான். சைக்கிளைப் போய் யாராவது ஒட்டுவாங்களா? நான் முப்பது வருஷமா பீரோ செய்யறேன். எல்லாம் வெல்டிங். என் பீரோ கதவு என்னிக்காவது யார் கையோடயாவது வந்திருக்கா?"

"வராது சார். சாவியைத் தொலைச்சுட்டு எங்க சித்தப்பா ரெண்டு நாள் இழுத்துப் பார்த்தார். கைதான் வந்துச்சு" என்றான் ஸ்டெப்னி.

சர்வேயர் கேட்டார்: "சங்கத்துல மத்தவங்க ஓட்டினதும் அவர் செஞ்ச சைக்கிள்தானா?"

"ஆமா. அத்தனையும் வாங்கி உடைச்சுப் போடச் சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் மலைமேல போட்டி. எங்க கம்பெனி பேர்லயே புதுசா சைக்கிள் கொண்டு வரோம். ஆறு பேரும் அதுலதான் இறங்கறாங்க. முதல்ல மேடையில உங்க அறிக்கையைப் படிப்பேன். அப்புறம் நம்ம சைக்கிளை அறிமுகப்படுத்துவேன்."

"முதல்ல வியாதி, அப்புறம் மருந்து."

"அழகாச் சொன்னீங்க" என்று தலைவர் மகிழ்ந்தார்.

சர்வேயர் டார்ச்சை எடுத்து மூட்டுக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே பசை கடுங்காபி நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டியதும் பொருக்காக உதிர்ந்தது. பிறகு பெயிண்டைத் தடவினார். கண்ணாடிபோல வழவழப்பு. பின்சக்கரம் மாட்டும் இரண்டு பிளவுகளின் உள்விளிம்பில் மட்டும், பக்கத்துக்கு ஒன்றாக, கடுகளவு இடத்தில் பெயிண்ட் இல்லாமல் வெறும் ஸ்டீல் மின்னியது.

"இந்த ரோஸ் கலர் யார் அடிச்சது?"

"வாங்கினப்பவே அப்படித்தான்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"கை துடைக்க ஏதாவது துணி இருக்குமா? பீரோவுல?" என்று கேட்டபடி சர்வேயரே போய் பீரோவைத் திறந்தார். துணியை எடுத்தார். கதவின் மேல் விளிம்பில் ஒருமுறை விரலை ஓட்டினார். "சாயங்காலம் மலைமேல பார்க்கலாம்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஸ்டெப்னி கேட்டான்: "பீரோ மேல தூசி இருக்கான்னா பார்த்தீங்க? அவங்க வீட்டுக்கு மருமகளாப் போற எண்ணமா?"

"கொடியில துணி காயப் போட்டா கிளிப் மாட்டின இடம் மட்டும் தனியாத் தெரியும், பார்த்திருக்கியா?"

"துவைச்சாத்தானே மேடம் காயப் போடறதுக்கு."

"பிரஷ்ல அடிச்சா கோடு விழும். கையால ஸ்ப்ரே பண்ணினா எங்கயாவது வழிஞ்சு நிக்கும். இந்தச் சைக்கிள்ல ரெண்டும் இல்லை. ஆனா கொக்கி மாட்டித் தொங்கவிட்ட அடையாளம் ரெண்டு இருக்கு. அந்த பீரோ கதவுலயும் அதே மாதிரி ரெண்டு. அதே ரோஸ்."

"அப்போ சைக்கிளும் பீரோவும் கூடப் பிறந்ததா?"

"கூடத் தொங்கினது. தொங்கவிட்டு என்ன செஞ்சாங்கன்னுதான் தெரியணும்."

சைக்கிள்காரரின் பட்டறை அவர் வீட்டு முன்பக்கத்தில் இருந்தது. ஷட்டரில் யாரோ சுண்ணாம்பால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் ஈரத்துணியால் அதை அழித்துக்கொண்டிருந்தார். 'கொலை' போய்விட்டது. 'காரன்' மிச்சம் இருந்தது.

அவர் மனைவி உள்ளே கதவோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் ஸ்டெப்னியிடம், "டீ குடிக்கறீங்களா? அவருக்கும் வேணுமான்னு கேளுங்க" என்றாள். கணவர் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

ஸ்டெப்னி திரும்பினான். "டீ வேணுமான்னு கேட்கறாங்க."

"வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாமாம்."

"நேத்துலேருந்து எதுவும் சாப்பிடலைன்னு சொல்லுங்க."

"அது அவருக்கே தெரிஞ்சிருக்கும்ங்க."

சர்வேயர் நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்க மச்சினிக்குச் சைக்கிளை எந்தக் கலர்ல குடுத்தீங்க?"

"கருப்பு. கார்பனோட நிறமே அதுதான். நான் பெயிண்ட் அடிக்கறதே இல்லை. மூட்டுல மட்டும் என் முத்திரை இருக்கும். பிளாஸ்டிக்ல சின்னதா ஒரு குருவி."

"குருவி பறந்து போச்சு. சைக்கிள் இப்போ ரோஸ்."

மனைவி முதல்முறையாகத் திரும்பினாள். "ரோஸா?"

விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சைக்கிளைப் பார்க்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். சைக்கிள்காரர் பார்க்கப் போனபோது சங்கத்து வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"உங்க பசை காய்ஞ்சா என்ன கலர்ல இருக்கும்?" என்று கேட்டார் சர்வேயர்.

அவர் ஒரு டப்பாவின் விளிம்பைக் காட்டினார். வெண்ணெய் நிறத்தில் கெட்டியாக உறைந்திருந்தது. "இதே மாதிரிதான். எத்தனை வருஷமானாலும் லேசா மஞ்சளாகும், அவ்வளவுதான்."

"மூட்டுக்குள்ள நான் பார்த்தது கடுங்காபி."

சைக்கிள்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்தார். ஒரு ஸ்டீல் பட்டை, ஒரு கார்பன் பட்டை. இரண்டும் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் ஒட்டியிருந்தன. ஸ்டீல் முனையை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். கார்பன் முனைத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, "தொங்குங்க" என்றார் ஸ்டெப்னியிடம்.

"நான் எண்பது கிலோங்க. காலையில சாப்பிட்டும் இருக்கேன்."

"தொங்குங்க."

தொங்கினான். காலைத் தூக்கி ஆடினான். நகம் அளவுப் பசை அசையவே இல்லை. "இவ்வளவு உறுதியா என்னை யாருமே தாங்கினதில்லை" என்று இறங்கினான்.

சைக்கிள்காரர் அடுப்பிலிருந்து கொதிக்கிற தண்ணீரை எடுத்து வந்து ஒட்டிய இடத்தில் நிதானமாக ஊற்றினார். "இப்போ இழுங்க. தொங்க வேண்டாம். ஒரு கை போதும்."

ஸ்டெப்னி சந்தேகத்தோடு இழுத்தான். கார்பன் பட்டை வழுக்கிக்கொண்டு அவன் கையோடு வந்தது. அவன் பின்னால் போய் டயர்க் குவியலில் உட்கார்ந்தான்.

"இந்தப் பசைக்கு அறுபது டிகிரி வரைக்கும்தான் புத்தி. அதைத் தாண்டினா இளகிடும்" என்றார் சைக்கிள்காரர். "வெயில்ல சைக்கிளை நிறுத்தினா அவ்வளவு போகாது, பயமில்லை. ஆனா பசை காபி நிறமாகணும்னா இந்த வெந்நீர்ச் சூடெல்லாம் பத்தாது. யாரோ அடுப்புல வச்சிருக்காங்க. அந்தச் சூட்டுல ஸ்டீல் விரியும். கார்பன் விரியவே விரியாது. ஒண்ணு உப்பிக்கிட்டே போகும், இன்னொண்ணு கல்லு மாதிரி நிக்கும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கற பசை நடுவுல கிடந்து கிழியும்."

"எங்க வீட்டுல அந்தப் பசை நான்தான். அம்மா விரிவாங்க, அண்ணி கல்லு" என்றான் ஸ்டெப்னி டயர்களுக்கு நடுவிலிருந்து.

"ஆறினதும் பழையபடி பிடிச்சுக்காதா?" என்று கேட்டார் சர்வேயர்.

"கருகின பசை எப்படிப் பிடிக்கும்? பார்க்கறதுக்குத்தான் கெட்டியாத் தெரியும். மேல பெயிண்ட் வேற போட்டு மூடியாச்சு. சமதரையில ஓடும், ஏத்தத்துல ஏறும். இறக்கத்துல வேகமா வரும்போது ஒரு குழி, ஒரு பிரேக்… அப்போ தெரியும்."

மனைவி எழுந்து போய் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த தங்கைக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "சைக்கிள் எப்படிடி ரோஸ் ஆச்சு?"

அந்தப் பக்கத்தில் தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"தலைவர் கேட்டார்க்கா. சங்கத்துக்கு ஒரே கலர் கொண்டு வரப் போறாராம், என்னோடதுதான் மாடலாம். வாங்கிட்டுப் போய் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டார். பெயிண்ட்தானேன்னு நினைச்சேன். குருவியை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா மாமா திட்டுவார்னு சொல்லலை."

"அடுப்புல வச்சாங்களா?"

"அடுப்பா? சைக்கிளையா?"

"போதும். நீ தூங்கு." போனை வைத்தவள் கணவனைப் பார்த்தாள். யார் வழியாகவும் பேசவில்லை. "எழுந்து வாங்க, சாப்பிடுங்க. அந்த ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்."

சர்வேயர் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தார். "சாப்பிட்டுட்டு நேரா மலைக்கு வந்துடுங்க" என்றார். "எனக்கு ஒரு பீரோ வாங்க வேண்டியிருக்கு."

பீரோ தொழிற்சாலையின் முன்பகுதி விற்பனைக்கூடம். விற்பனையாளர் கழுத்துப்பட்டையோடு ஓடி வந்தார்.

"தம்பிக்குக் கல்யாணம்" என்றார் சர்வேயர்.

"ரொம்ப சந்தோஷம். பொண்ணு எந்தப் பக்கம்?"

"முதல்ல பீரோ" என்றான் ஸ்டெப்னி. "அதுக்குள்ள அடங்கற மாதிரி அப்புறம் பொண்ணு பார்க்கலாம்னு இருக்கோம்."

சர்வேயர் ரோஜா நிற பீரோ ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "கொஞ்ச நாள்ல பெயிண்ட் உரிஞ்சு வந்துடுமே."

விற்பனையாளருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "உரியறதா? இது பிரஷ்ல அடிச்ச பெயிண்ட் இல்லை மேடம், பவுடர். மாவு மாதிரி தூவி, கொக்கியில தொங்கவிட்டு அப்படியே அடுப்புக்குள்ள அனுப்பிடுவோம். இருநூறு டிகிரி. பவுடர் உருகி இரும்போட இரும்பா ஒட்டிக்கும்."

"இருநூறா? வரப்போற மாமனார்கூட அவ்வளவு சூடாக மாட்டார்" என்றான் ஸ்டெப்னி.

"தம்பிகிட்ட ஒரு பழைய சைக்கிள் இருக்கு" என்றார் சர்வேயர் தயங்கியபடி. "அதுக்கும் இதே கலர் போட்டா பீரோவோட சேர்ந்து எடுப்பா இருக்கும். உங்களால முடியாது, பாவம்."

"யார் சொன்னது முடியாதுன்னு? இப்பத்தான் ஆறு சைக்கிள் போட்டு அனுப்பினோம். வரும்போது கருப்பா, பார்க்கவே சகிக்கலை. போகும்போது மாப்பிள்ளை மாதிரி போச்சு. நம்ம கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி, மத்தியானம்தான் வேன்ல ஏத்தி மலைக்கு அனுப்பினோம்."

ஸ்டெப்னி வாசலில் நின்ற ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

உடைக்கச் சொன்னதாகத் தலைவர் சொன்ன சைக்கிள்கள் உடைபடவில்லை. அடுப்பில் வெந்து, பெயர் மாற்றிக்கொண்டு, 'புது சைக்கிள்' என்று மலைக்குப் போயிருந்தன. செய்தவரைக் கெட்டவனாக்க ஒரு அறிக்கை, செய்ததை எடுத்துக்கொள்ள ஒரு டப்பா பவுடர். தலைவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

விற்பனையாளர் தடுப்பதற்குள் சர்வேயர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேலே ஓடிய சங்கிலியில் பீரோ கதவுகள் வரிசையாகத் தொங்கி, அடுப்பின் வாய்க்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. முகமூடி போட்ட பெயிண்டர் ஒருவர் பவுடர் துப்பாக்கியோடு நின்றார்.

"சைக்கிளை உள்ள விட்டப்போ மூட்டுல ஏதாவது வழிஞ்சுதா?"

பெயிண்டர் முகமூடியைக் கழற்றினார். மூக்கும் வாயும் இருந்த இடம் தவிர முகமெல்லாம் ரோஜா நிறம். "வழிஞ்சுதும்மா. முதல் சைக்கிள்லயே. பாகு மாதிரி வந்துச்சு, பயங்கர நாத்தம். முதலாளிகிட்ட சொன்னேன். துடைச்சுட்டு மேல இன்னொரு தடவை அடின்னார். அந்தப் பொண்ணு விழுந்தப்புறம் இந்த ஆறும் வந்துச்சு. வேண்டாம் சார்னு சொன்னேன். நீ பெயிண்டரா, டாக்டரான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெயிண்டர்னு சொன்னேன்." அவர் தரையைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்டயும் இதையே சொல்வீங்களா?"

பெயிண்டர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். சங்கிலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். "எந்த வண்டியில வரணும்?"

ஸ்கூட்டரில் மூன்று பேர். நடுவில் இருந்தபடி சர்வேயர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிச்சா என்ன செக்‌ஷன்னு தெரியலையே மேடம்" என்றார்.

"ஆறு பேர் மலையிலிருந்து விழுந்தப்புறம் தெரிஞ்சிடும் சார். அப்போ உங்களையும் டிவியில கேட்பாங்க."

"எங்க இருக்கீங்க? இதோ கிளம்பிட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மலைமேல் பனி இறங்கியிருந்தது. கூட்டம் ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றது. பேசியவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. மேடையில் முதல் பரிசாக ஒரு ரோஜா நிற பீரோ. வென்றவர் அதைச் சைக்கிளில் எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் ஆறு ரோஜா நிறச் சைக்கிள்கள், ரோஜா நிறச் சட்டையில் ஆறு பேர். அவர்களுக்கு முன்னால் பாதை செங்குத்தாக இறங்கி, வளைந்து, பனிக்குள் மறைந்தது.

மேடைக்குப் பின்னால் தலைவர் தலை வாரிக்கொண்டிருந்தார். "எழுதியாச்சா?"

"போட்டியை நிறுத்துங்க" என்றார் சர்வேயர். "அந்த ஆறும் பழைய சைக்கிள். உங்க அடுப்புல வெந்தது. பசை செத்துப் போச்சு. உங்க பெயிண்டரே சொல்லிட்டார்."

தலைவர் சீப்பைப் பையில் வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சின்ன வயசுப் பசங்க மேடம். எடையே கிடையாது. இன்னிக்கு ஒரு நாள் தாங்கிடும். டிவிக்காரங்க வந்துட்டாங்க. நாளைக்கு எல்லாத்தையும் மாத்திக்கலாம்."

சர்வேயர் பல வருடங்களாகப் பொய்களைக் கேட்டுப் பழகியவர். இது பொய் இல்லை என்பதுதான் அவரை ஒரு நிமிடம் நிற்க வைத்தது. தலைவர் அதற்குள் மேடை ஏறிவிட்டார்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் இன்னும் வரவில்லை. சர்வேயரும் மேடை ஏறினார். 'அறிக்கை படிக்கப் போகிறார்' என்று தலைவர் கையைக் காட்ட, மைக் சர்வேயர் கைக்கு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். தலைவருக்குத் தன் கம்பெனி சைக்கிள் மேல எவ்வளவு நம்பிக்கைன்னு உங்களுக்குத் தெரியும். அதனால இன்னிக்கு அவரே முதல் ஆளா ஏறி, கீழே தெரியற அந்த வளைவு வரைக்கும் இறங்கிப் போட்டியைத் தொடங்கி வைக்கப் போறார்."

ஸ்டெப்னி பலமாகக் கை தட்டினான். கூட்டம் சேர்ந்துகொண்டது. கேமராக்கள் திரும்பின. தலைவரின் முகத்தில் ஒரு நொடி பழைய சிரிப்பு வந்தது. பிறகு அவர் பாதையைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றது. மற்றதெல்லாம் முகத்தைவிட்டுப் போய்விட்டது.

"எனக்கு… முட்டி வலி" என்றார்.

"மிதிக்கவே வேண்டாம் சார், இறக்கம்தானே. தானாப் போயிடும்" என்றான் ஸ்டெப்னி.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

அணித்தலைவி, ஒல்லியாக உயரமாக இருந்த பெண், தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்தாள். "பத்தடி போங்க சார். நான் பக்கத்துலயே ஓடி வரேன்."

தலைவர் பின்னால் நகர்ந்து பீரோவில் முட்டிக்கொண்டார்.

"ஏன் சார்? இதுல நாங்க இறங்கலாம், நீங்க இறங்கக் கூடாதா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிள்காரர் வந்தார். பின்னால் அவர் மனைவி. அவர் மண்டி போட்டு, அணித்தலைவியின் சைக்கிளின் அடிக்குழாயைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அண்ணா, இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டாள் அவள்.

"என் கையாலதான் செஞ்சேன். உன் உயரத்துக்குன்னு அளந்து வெட்டினது. ஏறாதம்மா. மூட்டு வெந்து போயிருக்கு."

அவள் முன்சக்கரத்தை உயர்த்தி ரோட்டில் ஓங்கிக் குத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுபடி குத்தினாள். மூன்றாவது குத்தில் கிழங்கு உடைவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. சக்கரமும் ஹேண்டில்பாரும் அவள் கையில் இருந்தன. மீதிச் சைக்கிள் ரோட்டில் கிடந்தது. கழன்ற மூட்டிலிருந்து காபி நிறத்தில் பொடி கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் சைக்கிள்களைத் தரையில் படுக்க வைத்துவிட்டு, அவற்றைவிட்டு விலகி நின்றார்கள். அவர்களில் சின்னவள் மட்டும் ரோட்டோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சைக்கிள்காரரின் மனைவி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி முதலில் பெயிண்டரைத் தனியாக அழைத்துப் பேசினார். பேசப் பேச அவருக்கு என்ன செக்‌ஷன் என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது முகத்தில் தெரிந்தது.

கேமராக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் மேடையில் நின்றவருக்கு மைக்கை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். மப்ளர் சுற்றிய கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"கடும் வெப்பம் காரணமாக, இன்றைய போட்டி ஒத்திவைக்கப்படுகிறது."

"மேடம், இந்த ஆள் இன்னிக்கு முதல் தடவையா உண்மை பேசியிருக்கார்" என்றான் ஸ்டெப்னி.

இன்ஸ்பெக்டர் மேடைப் படியில் ஏறி, தலைவரின் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்தார்.

"எத்தனை டிகிரின்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றார்.